இரண்டாவது ரேம் ஸ்லொட்டில் எதைப் போட்டாலும் டிஸ்ப்ளே வரவில்லை

வணக்கம், வெள்ளவத்தையில் இருந்து எழுதுகிறேன். பழைய டெஸ்க்டொப்பில் ரேம் கூட்டப் போய் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். ஐ5-6500 சிபியு, எச்110 சிப்செட் மதர்போர்ட், டிடிஆர்4 ஸ்லொட் இரண்டு, 450 வாட் பவர் சப்ளை. தனி கிராபிக்ஸ் கார்ட் இல்லை.

தங்கச்சியின் உயர்தர வகுப்புகள் முழுக்க இதில்தான். ஸூமும் பிடிஎஃப்பும் சேர்ந்து திறந்தால் 8 ஜிபி திணறுகிறது, அதனால் போன சனிக்கிழமை பம்பலப்பிட்டியில் இன்னொரு 8 ஜிபி வாங்கினேன். பழையது 2400, புதியது 3200. வேக வித்தியாசம்தான் காரணம் என்று சொல்லாதீர்கள், இந்த சிபியுவில் இரண்டுமே 2133க்கு இறங்கித்தான் ஓடும், பயோஸிலும் அப்படித்தான் காட்டுகிறது.

முதல் ஸ்லொட்டில் எந்த ரேமைத் தனியாகப் போட்டாலும் நன்றாக வேலை செய்கிறது. இரண்டாவதில் தனியாகப் போட்டாலும் சரி, இரண்டையும் சேர்த்துப் போட்டாலும் சரி, ஃபேன் சுற்றும், திரை கறுப்பு, கீபோர்ட் லைட்டும் எரியாது. அந்த ஸ்லொட் வாங்கிய நாளில் இருந்து சும்மாதான் கிடந்தது.

ரேமின் கால்களை அழிறப்பரால் துடைத்தேன், ஸ்லொட்டுக்குள் புளோவர் அடித்தேன், சிஎம்ஓஎஸ் பேட்டரியைக் கழற்றி வைத்துப் பார்த்தேன். பயோஸும் அப்டேட் செய்தாயிற்று. கடையில் போர்டையே மாற்று என்கிறார்கள், ஆனால் சிபியு உட்காரும் 1151 சொக்கெட்டில் வளைந்த ஒரு பின்கூட ஒரு மெமரி சானலை (சிபியுவில் இருந்து ரேம் ஸ்லொட்டுக்குப் போகும் பாதையை) முழுதாக நிறுத்திவிடும் என்பதால் அவசரப்பட்டு மாற்ற மனமில்லை. பின்னைப் பார்க்க சிபியு மேலுள்ள கூலரைக் கழற்ற வேண்டும், திரும்பப் பூட்டும்போது பூச கையில் தெர்மல் பேஸ்ட்டும் இல்லை.

கூலரைக் கழற்றாமலே, பிழை ஸ்லொட்டிலா, சொக்கெட் பின்னிலா, சிபியுவிலா என்று பிரித்துப் பார்க்க வழி இருக்கிறதா?