விண்டோஸ் 10 முடிந்துவிட்டது. வேலூரில் ஒரு கேமிங் சென்டரை லினக்ஸுக்கு மாற்றலாமா?

சத்துவாச்சாரி_சென்டர்:
வணக்கம். சத்துவாச்சாரியில் எட்டு சிஸ்டம் வைத்து சென்டர் நடத்துகிறேன். காலையில் டிஎன்பிஎஸ்சி, ஸ்காலர்ஷிப் விண்ணப்பங்கள். பள்ளி விட்ட பிறகு இரவு ஒன்பது வரை பையன்களின் கேம். எட்டுமே இன்டெல் நான்காம் தலைமுறை ஐ5. ஐந்தில் என்விடியா 1050 டிஐ கிராபிக்ஸ் கார்டு இருக்கிறது, மூன்றில் போர்டோடு வந்த கிராபிக்ஸ்தான். விண்டோஸ் 10-க்கான வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டது. 11 போடலாம் என்றால் எட்டாம் தலைமுறை ப்ராசஸரும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் கேட்கிறது. எட்டையும் மாற்ற என்னிடம் பணம் இல்லை. விண்டோஸுக்குப் பதில் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் போட்டால் கேம் ஓடுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பாலாறு_பெங்குயின்:
ஓடும் அண்ணா, தயங்காமல் மாற்றுங்கள். 2013-இல் லினக்ஸுக்கு வால்வு கம்பெனியின் கேம் கடையான ஸ்டீம் வந்தபோது ஆட அதிகம் கிடையாது. 2018 ஆகஸ்டில் விண்டோஸ் கேமை லினக்ஸில் ஓட்டும் ப்ரோட்டானை வால்வு வெளியிட்டதும் நிலைமை தலைகீழாக மாறியது. 1993-இல் தொடங்கிய வைன் திட்டம்தான் அதன் அடித்தளம். விண்டோஸ் கேம், விண்டோஸின் கிராபிக்ஸ் மென்பொருளான டைரக்ட்எக்ஸிடம் படம் வரையச் சொல்லும். ப்ரோட்டானுக்குள் இருக்கும் டிஎக்ஸ்விகே அந்தப் பேச்சை லினக்ஸுக்கும் புரியும் வல்கனுக்கு மாற்றி கிராபிக்ஸ் கார்டிடம் கொடுத்துவிடும். ப்ராசஸர் வேலை நேராகவே நடக்கிறது, அதனால் வேகம் பெரிதாக அடிவாங்குவதில்லை. 2022 பிப்ரவரியில் எல்டன் ரிங் கேம் வந்தபோது விண்டோஸ்காரர்கள் திக்கித் திக்கி ஆடினார்கள், லினக்ஸில் ஓடும் தன் கையடக்கக் கேம் கருவியான ஸ்டீம் டெக்கில் வால்வு அந்தத் திக்கலைக் குறைத்துக் காட்டியது. 2025 அக்டோபர் ஸ்டீம் கணக்கெடுப்பில் லினக்ஸ் 3 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. காட்பாடி ஹாஸ்டல் நாளிலிருந்து இதிலேயே ஆடுகிறேன், நம்பிச் சொல்கிறேன்.

குடியாத்தம்_கன்ட்ரோலர்:
தம்பி, நீ ஆடுவது வேறு, அண்ணன் கடை வேறு. சென்டருக்கு வரும் பையன் எல்டன் ரிங் கேட்க மாட்டான். நாலு பேர் சேர்ந்து வந்து ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை கேமான வாலரண்ட் கேட்பான். அது லினக்ஸில் ஓடாது, இன்றைக்கும் ஓடாது. ஃபோர்ட்நைட்டும் அப்படித்தான். அந்த 3 சதவீதத்தில் கணிசமான பங்கு ஸ்டீம் டெக், அதை நம் ஊரில் யார் வைத்திருக்கிறார்கள்? "ஓடும், தயங்காமல் மாற்றுங்கள்" என்று ஒருவரின் பிழைப்பில் சொல்லாதே.

பாலாறு_பெங்குயின்:
வாலரண்ட் ஓடாது என்பதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது லினக்ஸின் குறை இல்லை அண்ணா. ஓட விடாமல் தடுப்பது ஏமாற்று ஆட்டத்தைப் பிடிக்கும் மென்பொருள்தான். அந்த வகையில் ஈஸி ஆன்டி சீட், பேட்டில்ஐ இரண்டும் 2021-லேயே ப்ரோட்டானுக்கு வழி திறந்துவிட்டன. கேம் கம்பெனி மனது வைத்தால் போதும்.

குடியாத்தம்_கன்ட்ரோலர்:
யார் குறை என்று பையன் கேட்கப் போவதில்லை, பக்கத்துக் கடைக்குப் போவான். மனது வைத்த கம்பெனியும் மாறும். ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் லினக்ஸில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ஏமாற்று ஆட்டம் அந்த வழியாக வருகிறது என்று 2024 அக்டோபர் கடைசியில் அடைத்துவிட்டார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. லினக்ஸ் கெர்னலை, அதாவது சிஸ்டத்தின் மையப் பகுதியை, யார் வேண்டுமானாலும் தன் இஷ்டத்துக்கு மாற்றிக் கட்டிக்கொள்ளலாம். அப்படிப்பட்ட சிஸ்டத்தில் ஏமாற்றவில்லை என்று எப்படி உறுதி செய்வது? நான் ராங்க் ஏற மாசக்கணக்கில் உழைக்கிறேன். சுவருக்குப் பின்னால் பார்க்கிறவன் ஒருவன் வந்தால் அத்தனையும் பாழ்.

வாலாஜா_டீச்சர்:
நான் அரசுப் பள்ளியில் கணினி ஆசிரியை. இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

இலவச லேப்டாப் திட்டம் 2011-இல் தொடங்கியபோது வந்த மெஷின்களில் விண்டோஸோடு, மத்திய அரசின் சி-டாக் செய்த பாஸ் லினக்ஸும் இருந்தது. எங்கள் பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோன முதல் வாரமே அதை அழித்தார்கள். காரணம் கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில்: "கேம் ஓடல மிஸ்." அவர்களை லினக்ஸிலிருந்து விரட்டியது கேம்தான் என்பதால் இந்தப் பேச்சு எனக்கு முக்கியம்.

இரண்டாவது, சென்டர் நடத்தும் தம்பிக்கு. வாலரண்டின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளான வான்கார்டு, சிஸ்டம் பூட் ஆகும்போதே கெர்னல் மட்டத்தில் ஏறி உட்காரும். அதே மெஷினில் காலையில் ஒரு அம்மா பிள்ளையின் ஆதார் எண்ணையும் வங்கிக் கணக்கையும் தட்டச்சு செய்கிறார். அது திருடுகிறது என்று நான் சொல்லவில்லை. வீட்டின் உள்ளறைச் சாவியை ஒரு கேம் கம்பெனிக்குக் கொடுப்பது சரியா என்று கேட்கிறேன். பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன விண்டோஸில் அந்த விண்ணப்பங்களைப் போடுவது அதைவிட ஆபத்து.

குடியாத்தம்_கன்ட்ரோலர்:
விண்ணப்ப மெஷினைத் தனியாக வையுங்கள் டீச்சர், அதில் எனக்கு மறுப்பே இல்லை. கேம் மெஷினைத் தொடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

ஆற்காடு_அசெம்பிளி:
வாதம் போதும்பா, செய்து பார்த்ததைச் சொல்கிறேன். சத்துவாச்சாரி அண்ணன் சொன்ன அதே மாதிரி ஒரு மெஷின், ஐ5-4570, எச்டி 4600 கிராபிக்ஸ், 8 ஜிபி ரேம், என் கடையில் கிடந்தது. ஞாயிறு மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு லினக்ஸில் ஒரு வகையான மின்ட் போட்டேன். ஸ்டீம் வந்தது. பழைய கார் ரேஸ் ஒன்றை அழுத்தினேன். திரை கறுத்தது, ஒரு வார்த்தை சொல்லாமல் டெஸ்க்டாப்புக்குத் திரும்பியது. மூன்று முறையும் அப்படியே. லாக் ஃபைலைத் திறந்து பார்த்தால் விஷயம் வல்கன். டிஎக்ஸ்விகே 2.0-இலிருந்து வல்கன் 1.3 வேண்டும். நான்காம் தலைமுறை இன்டெல் கிராபிக்ஸுக்கு அது முழுசாக வராது. லாஞ்ச் ஆப்ஷனில் ஒரு வரி சேர்த்துப் பழைய ஓபன்ஜிஎல் வழிக்கு மாற்றினேன், ரேஸ் ஓடியது. வைஸ் சிட்டி காலத்து கேம்களுக்கு அந்த வழி தாங்கும். புது கேம் எதையும் அந்த மூன்று மெஷினில் நினைக்காதீர்கள்.

அப்புறம் ஒரு 1050 டிஐ கார்டைச் செருகினேன். டிரைவர் போட்டதும் டிஎக்ஸ்விகே சிரமமில்லாமல் ஓடியது. ஆனால் அந்தக் கார்டுக்கு என்விடியாவின் 580 வரிசை டிரைவர்தான் கடைசி, அதற்கு மேல் போடக் கூடாது. செகண்ட் ஹேண்டில் ஏஎம்டி ஆர்எக்ஸ் 580 கார்டு கிடைத்தால் இந்தத் தலைவலி இல்லை, அதன் டிரைவர் லினக்ஸோடே வருகிறது. பவர் சப்ளை தாங்குமா என்று மட்டும் முதலில் பாருங்கள். நம் ஊர் அக்னி நட்சத்திர வெயிலில் அந்தக் கார்டு நன்றாகச் சூடேறும், கேபினட் ஃபேன் அவசியம்.

இன்னொன்று, இதை யாரும் சொல்லவில்லை. கேமை முதல் முறை திறக்கும்போது ஸ்டீம் வல்கன் ஷேடர் எனும், கார்டு படம் வரைவதற்கான சிறு நிரல்களைத் தயார் செய்யும். ஒரு பட்டை மெதுவாக நகரும். வீட்டில் என்றால் டீ குடித்துவிட்டு வரலாம். சென்டரில் உட்கார்ந்திருப்பவன் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்த பையன், அவன் கண் சுவர்க் கடிகாரத்தில் இருக்கும். ஸ்டீம் அப்டேட்டையும் இந்த வேலையையும் கடை திறக்கும் முன்பே முடித்துவிட வேண்டும்.

பாலாறு_பெங்குயின்:
அருமை அண்ணா. ஒன்று சேர்க்கிறேன். பழைய டி டிரைவில் இருக்கும் கேம்களை அப்படியே ப்ரோட்டானில் ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள். அது விண்டோஸ் ஃபைல்களை வைக்கும் என்டிஎஃப்எஸ் முறை. ப்ரோட்டான் உருவாக்கும் சில ஃபைல் பெயர்களில் முக்காற்புள்ளி வரும், விண்டோஸ் அதை ஏற்காது. கேம் திறக்காமல் போகும், டிரைவும் குழம்பும். லினக்ஸின் இஎக்ஸ்டி4 முறையில் ஃபார்மேட் செய்து புதிதாக இறக்குங்கள்.

சத்துவாச்சாரி_சென்டர்:
எல்லோருக்கும் நன்றி. நேற்று மாலை கடையில் நோட்டு வைத்து எழுதினேன். வந்த பதினேழு பையன்களில் பதினொரு பேர் வாலரண்ட், மூன்று பேர் கவுன்டர் ஸ்ட்ரைக் 2, இரண்டு பேர் பழைய ஜிடிஏ, ஒருவன் கால்பந்து. குடியாத்தம் தம்பி சொன்னதை ஏற்கிறேன், நான்கு கார்டு மெஷின் இப்போதைக்கு விண்டோஸ் 10-இலேயே இருக்கட்டும். அவற்றில் இனி விண்ணப்ப வேலை கிடையாது. கார்டு இல்லாத மூன்றும் மின்ட்டுக்குப் போகின்றன. காலையில் விண்ணப்பம், மாலையில் பழைய கேம். மீதியிருக்கும் ஒரு கார்டு மெஷினில் கவுன்டர் ஸ்ட்ரைக்கை லினக்ஸில் வைத்துப் பார்க்கிறேன்.

பாலாறு_பெங்குயின்:
கவுன்டர் ஸ்ட்ரைக்குக்கு ப்ரோட்டானே தேவையில்லை அண்ணா, வால்வே லினக்ஸுக்குத் தருகிறது. சனிக்கிழமை பென்டிரைவோடு வருகிறேன்.

குடியாத்தம்_கன்ட்ரோலர்:
நான்கு மெஷின் சரி. ஆனால் அப்டேட் இல்லாத விண்டோஸில் பையன்கள் தங்கள் கணக்கின் பாஸ்வேர்டைப் போடுவார்கள், அதையும் யோசியுங்கள். வீட்டு மெஷின்களுக்கு 2026 அக்டோபர் வரை நீட்டிப்பு உண்டு, கடைக்கு அந்தத் திட்டம் பொருந்தாது. மாசம் கொஞ்சம் ஒதுக்கி, எட்டாம் தலைமுறை மெஷின் ஒவ்வொன்றாக வாங்குங்கள். ஆற்காடு அண்ணனிடம் இருக்கிறதா?

ஆற்காடு_அசெம்பிளி:
ஐ5-8400 இரண்டு இருக்கிறது. வாங்கும் முன் பயாஸ் செட்டிங்கில் டிபிஎம் ஆன் ஆகிறதா என்று நேரில் வந்து பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.