உமி பாய்லர் புகை: படிவம் 5-இல் ஒரு நாளைக்கு எத்தனை கிலோ என்று போடுவது?

அம்பை ஆலை

அம்பாசமுத்திரம் பக்கம் புழுங்கல் அரிசி ஆலை. மணிக்கு 3 டன் நீராவி தரும் பாய்லர், ஓடுவது 16 மணி நேரம். நாளைக்கு 48 டன் நெல். வருகிற உமி முழுக்க அடுப்புக்குத்தான். கார் அறுவடை முடிந்து ஐப்பசி மழையில் உமி நனைந்துவிட்டால் சீமைக்கருவேல் விறகு. கரண்ட் இல்லாத நாளில் ஜெனரேட்டருக்கு 200 லிட்டர் டீசல்.

செப்டம்பர் 30-க்குள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் படிவம் 5 (ஆண்டுச் சுற்றுச்சூழல் அறிக்கை) கொடுக்கணும். ஆய்வக அறிக்கையில் இருப்பது: புகைபோக்கி விட்டம் 0.6 மீட்டர், புகை வேகம் விநாடிக்கு 7.5 மீட்டர், சூடு 150 டிகிரி, ஈரம் 8.5%, கார்பன் டை ஆக்சைடு 10%, தூசி கன மீட்டருக்கு 216 மி.கி. (கார்பன் டை ஆக்சைடு 12% இருந்தால் என்று திருத்தியது). இதை வைத்துப் பெருக்கினால் தூசி நாளைக்கு 39.6 கிலோ வருது. இவ்வளவு வருமா? சல்பர் டை ஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடு அறிக்கையிலேயே இல்லை. விவரம் தெரிந்த அண்ணாச்சிமார் சொல்லுங்க.

கொதிகலன் கணக்கு

உங்க 39.6 எப்படி வந்ததுன்னு போட்டுப் பார்த்தேன். மணிக்கு 7,630 கன மீட்டர், அதை 216-ஆல் பெருக்கி, 24 மணி நேரத்துக்கு எடுத்திருக்கீங்க. பாய்லர் ஓடுவது 16 மணிதானே, அது முதல் பிசகு.

அடுத்தது பெரிய பிசகு. 7,630 என்பது 150 டிகிரியில் விரிந்து கிடக்கிற புகை. அறிக்கையில் உள்ள மில்லிகிராம் 25 டிகிரியில், ஈரம் நீக்கிய புகைக்குச் சொன்னது. அதனால் 298/423-ஆல் (இரண்டு சூட்டோடும் 273 கூட்டிய கெல்வின் எண்கள்) பெருக்கி 5,380-க்குக் கொண்டு வரணும். அதில் ஈரம் 8.5% கழித்தால் 4,920 கன மீட்டர்.

மூன்றாவது, பலரும் தவறுகிற இடம். 216 என்பது நிஜமாக அளந்த எண் இல்லை. விதி வரம்போடு ஒப்பிடுவதற்காக 12/10-ஆல் பெருக்கியது. அளந்தது 180. எடை கணக்குக்கு அளந்த எண்ணைத்தான் எடுக்கணும். திருத்திய எண்ணோடு நிஜ ஓட்டத்தைப் பெருக்கினால் ஒரே காற்றை இரண்டு தரம் எண்ணின மாதிரி.

4,920 × 180 = மணிக்கு 0.886 கிலோ. 16 மணிக்கு 14.2 கிலோ. இதைப் போடுங்க.

புகை ஓட்டம் சரியான்னு உமியை வைத்தே பார்த்துக்கலாம். நெல்லில் 20 முதல் 22% உமி; 48 டன்னுக்கு 10 டன், அதாவது மணிக்கு 625 கிலோ. எரிய வேண்டிய அளவைப் போல இரண்டு மடங்கு காற்று போனால் (உங்க 10% அதைத்தான் காட்டுது) கிலோ உமிக்கு ஏறக்குறைய 8.7 கன மீட்டர் ஈரப்புகை வரும். 625 × 8.7 = 5,440. பிட்டோ குழாய் (புகை வேகத்தை அளக்கிற கருவி) அளவு 5,380. நல்லா ஒத்துப் போகுது. கால்வாசிக்கு மேல் வித்தியாசம் வந்திருந்தால் அந்த அளவையே நம்பக் கூடாது.

கங்கைகொண்டான்

சல்பர் டை ஆக்சைடுக்குப் புகையை அளக்காமலே கணக்கு போடலாம். 32 கிராம் கந்தகம் எரிந்தால் 64 கிராம் சல்பர் டை ஆக்சைடு, ஆக இரண்டால் பெருக்கினால் போதும். உமியில் கந்தகம் 0.06%-ன்னு வைத்தால் 10,000 × 0.0006 × 2 = 12 கிலோ. இது உச்ச வரம்பு. சாம்பலில் உள்ள பொட்டாசியம், கால்சியம் கொஞ்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 0.06-ஐ அப்படியே எழுதிடாதீங்க, உமியை ஆய்வுக்கு அனுப்பி வாங்குங்க.

நைட்ரஜன் ஆக்சைடுக்கு அந்த வழி செல்லாது. அடுப்புச் சூடு, காற்று, எரிபொருளில் உள்ள நைட்ரஜன் மூன்றையும் பொறுத்தது. எந்த எரிபொருளுக்கு எவ்வளவு மாசு வரும்னு சொல்கிற அமெரிக்காவின் ஏபி-42 தொகுப்பில் ஈர விறகுக்கு உள்ள காரணி ஒரு ஜிகா ஜூலுக்கு சுமார் 0.095 கிலோ. 10 டன் உமி 130 ஜிகா ஜூல். 12 கிலோ வரும். ஆனால் அது விறகுக்கானது, உமிக்கு உத்தேசம்தான். அடுத்த பரிசோதனையில் வாயு அளவியும் கொண்டு வரச் சொல்லுங்க. அது காட்டுகிற பிபிஎம்-ஐ (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) 1.88-ஆல் பெருக்கினால் கன மீட்டருக்கு மில்லிகிராம்.

டீசலைச் சின்னதா நினைக்காதீங்க. 2020 ஏப்ரலில் இருந்து கந்தகம் 10 பிபிஎம்தான், சல்பர் டை ஆக்சைடு கிராம் கணக்கில் போயிடும். நைட்ரஜன் ஆக்சைடு அப்படி இல்லை. பழைய வகை எஞ்சினுக்கு ஜிகா ஜூலுக்கு 1.9 கிலோ, 200 லிட்டருக்கு 14 கிலோ. ஒரு நாள் முழுக்க உமி எரிவதைவிடக் கூடுதல்! புது எஞ்சின்னா குறையும். எதுவானாலும் பாய்லரோடு சேர்க்காமல் தனி வரியில் காட்டுங்க.

அம்பை ஆலை

ரொம்ப நன்றி அண்ணாச்சி. விறகு எரிக்கிற நாளுக்கும் இதே 14.2 போடலாமா?

கொதிகலன் கணக்கு

கூடாது. விறகை எடைமேடை டன்னில் எடுத்தால் தண்ணீரையும் சேர்த்து எண்ணுவீங்க. பச்சைக் கருவேலில் பாதிக்குக் கிட்ட ஈரம். ஈரம் கழித்து வெப்பமாக மாற்றி அப்புறம் காரணியைப் போடணும். விறகில் சாம்பல் கம்மி, ஆனால் ஈர விறகில் கரும்புகையும் கார்பன் மோனாக்சைடும் கூடும். அந்த நாட்களில் ஒரு தனிப் பரிசோதனை எடுப்பதுதான் நியாயம்.

இன்னொன்று. 180 என்பது சோதனை நடந்த ஒரு மணி நேரத்தின் எண். உமிச் சாம்பல் பெரும்பாலும் சிலிக்கா, மல்டி சைக்ளோன் (புகையைச் சுழற்றித் தூசியைப் பிரிக்கிற கருவி) கூம்பை அரித்து ஓட்டை போட்டுடும். அடியில் சாம்பலை வெளியே தள்ளுகிற ரோட்டரி வால்வு தேய்ந்தாலும் காற்று உள்ளே ஏறி, விழுந்த சாம்பலை மறுபடி மேலே தூக்கும். பாய்லர் ஓடும்போது ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி ஹாப்பர் (சாம்பல் சேரும் தொட்டி) இணைப்பு, வால்வு விளிம்பு ஓரமாக மெல்ல நகர்த்துங்க. புகை நூல் உள்ளே வளைந்து போகிற இடம்தான் ஓட்டை. அதை அடைத்த பிறகு பரிசோதனைக்குக் கூப்பிடுங்க. அடைப்பதற்கு முன்னே எடுத்த எண்ணும் பின்னே எடுத்த எண்ணும் கையில் இருந்தால், ஒவ்வொன்றும் எத்தனை நாளுக்குப் பொருந்துமோ அத்தனை நாளுக்குப் பிரித்து ஆண்டுக் கணக்கைப் போடலாம்.