புதுப்பிப்பு: கொம்பிரசர் இப்ப ஜெனரேற்றரில ஓடுது

போன கிழமை கேட்டிருந்தன்: கோண்டாவில் ரயர் கடையில கரண்ட் போனா, ரயருக்குக் காத்தடிக்கிற 2 குதிரைவலு கொம்பிரசர் 3 கேவிஏ (ஜெனரேற்றர் தாற வலுவின்ர அளவு) ஜெனரேற்றரில ஸ்டார்ட் ஆகாமல் முனகிக்கொண்டு நிக்குது எண்டு. மறுமொழி சொன்ன எல்லாருக்கும் நன்றி.

ஓடேக்க 2 கிலோவாற்றுக்குக் கிட்ட இழுக்கிற மோட்டர், ஸ்டார்ட் ஆகேக்க அதுபோல பல மடங்கு இழுக்கும். நான் மோட்டரில ஒட்டியிருந்த பிளேற்றில இருந்த கணக்கை மட்டும் பாத்தது பிழை. மீற்றர் வைச்சுப் பாத்தம்: 230 வோல்ற் ஸ்டார்ட்டில 150க்கு விழுந்துது. அதோட, நீட்டு வயர் சுருள் மெல்லிசு. கையில பிடிக்கச் சுட்டுது.

இப்ப 8 கேவிஏ ஜெனரேற்றர் வாடகைக்கு எடுத்து, 2.5 சதுர மில்லிமீற்றர் வயரைக் குட்டையாப் போட்டிருக்கிறன். டாங்கியில காத்தைத் திறந்துவிட்டிட்டு, ஜெனரேற்றர் சீரா ஓடினாப் பிறகுதான் கொம்பிரசரைப் போடுறது. மோட்டர் நிண்டவுடன குழாயில மிஞ்சின காத்து வெளியேறி "புஸ்" எண்ட சத்தம் வரவேணும்; வராட்டி பிரஷர் சுவிச்சின்ர வால்வைப் பாருங்கோ. என்ரயில அதுவும் அடைச்சிருந்தது.

ஒருக்காலும் ஜெனரேற்றரைக் கடைக்குள்ள வைக்காதேங்கோ. அதின்ர புகையில வாற காபன் மொனொக்சைட் எண்ட நச்சு வாயுவுக்கு மணமே இல்லை. மழை எண்டு நான் பின் அறையில வைச்ச அண்டைக்குப் பெடியனுக்குத் தலைசுத்தினது. இப்ப அது வெளியில, வேலிப்பக்கம், தகரக்கூரைக்குக் கீழ நிக்குது.