புதுப்பிப்பு: கிருஷ்ணகிரி மாங்கூழ்த் தொழில், எல்.எல்.பி. பதிவு முடிந்தது

மாங்கூழ்த் தொழிலுக்குப் பிரைவேட் லிமிடெட் நிறுவனமா, எல்.எல்.பி.யா (வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மை, அதாவது தொழிலின் கடனுக்குப் பங்குதாரரின் சொந்தச் சொத்து பொதுவாகப் பொறுப்பாகாத அமைப்பு) என்று நானும் தம்பியும் குழம்பிக் கேட்டிருந்தோம். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி. ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயையும் பங்குதாரர்கள் போட்ட முதல் 25 லட்சம் ரூபாயையும் தாண்டாத எல்.எல்.பி.க்கு 2008ஆம் ஆண்டு எல்.எல்.பி. சட்டப்படி கட்டாயக் கணக்குத் தணிக்கை இல்லை என்ற பதிலே முடிவைத் தந்தது.

விண்ணப்பம் ஒருமுறை திரும்பியது. அலுவலக முகவரிக்கு வைத்த மின்கட்டண ரசீது இரண்டு மாதத்துக்கு மேல் பழையது! கட்டடம் அப்பா பெயரில் இருப்பதால் அங்கே அலுவலகம் வைக்க ஆட்சேபம் இல்லை என்ற அவருடைய தடையின்மைக் கடிதமும் இணைத்தோம். பதிவான 30 நாளுக்குள் பங்குதாரர் ஒப்பந்தத்தை மூன்றாம் படிவத்தில் தாக்கல் செய்ய வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

எதிர்பாராதது வங்கியில்தான். பொறுப்பு வரையறுக்கப்பட்டது என்று நம்பிப் போனோம். கடனுக்கு இருவரிடமும் தனிப்பட்ட ஜாமீன் கேட்டார்கள். அதில் கையெழுத்திட்டால் அந்தக் கடனுக்கு நம் சொந்தச் சொத்தும் பதில் சொல்ல வேண்டும். நாங்கள் கையெழுத்திடவில்லை. கையிலுள்ள பணத்தோடு இந்த மாம்பழப் பருவத்தில் தொடங்குகிறோம்.