18-ஆம் நூற்றாண்டில் பிரிட்டன் பிரான்ஸை மிஞ்சியது கப்பற்படையாலா, கடனில் காட்டிய நாணயத்தாலா?

மீகாமன்:
கப்பற்படையால்தான். தொழிற்புரட்சியையே அதுதான் தூக்கிவிட்டது. ஜேம்ஸ் வாட் 1769-இல் காப்புரிமை பெற்றும் நீராவி எந்திரம் சரியாக ஓடவில்லை. உருளை சீரான வட்டமாக அமையாததால் பிஸ்டன் ஓரமாக நீராவி கசிந்தது. போர்க்கப்பல்களுக்கும் வேண்டிய பீரங்கிக் குழலைக் குடைவதற்கு 1774-இல் காப்புரிமை பெற்ற ஜான் வில்கின்சன்தான் அதைத் தீர்த்தார். அவருடைய எந்திரத்தில் வெட்டும் கருவியைத் தாங்கிய தண்டு உருளைக்குள் முழுநீளமும் ஓடி, இரு முனையிலும் பிடிமானம் பெற்றது. கருவி ஆடவில்லை, துளை பிசகவில்லை. 1776-இல் வாட்டின் எந்திரங்கள் வேலைக்கு வந்தன. பிறகு போர்ட்ஸ்மவுத் கப்பல்தளத்தில் கப்பி செய்ய 45 எந்திரங்கள்! 110 கைவினைஞர்களின் வேலையை 10 பேர் பார்த்தார்கள்.

கணக்கன்:
வில்கின்சன் கதை சரி. ஆனால் துளையில்லாமல் திடமாக வார்த்துப் பிறகு பீரங்கியைக் குடையும் முறை, சுவிஸ் பீரங்கி வார்ப்பாளர்களான மாரிட்ஸ் குடும்பத்தால் பிரான்ஸுக்கு முன்பே வந்துவிட்டதே! அங்கே அது ஏன் தொழிற்புரட்சியைத் தூக்கிவிடவில்லை? வித்தியாசம் கடனில் இருக்கிறது. 1694-இல் இங்கிலாந்து வங்கி அரசுக்கு 12 லட்சம் பவுண்டை 8% வட்டிக்குக் கொடுத்தபோது, கப்பல், மதுபான வரிகளை நாடாளுமன்றம் அதற்கென்றே ஒதுக்கியது. வட்டி தவறாது என்ற நம்பிக்கை வளர, 1750-களில் 3%-க்கே கடன் கிடைத்தது. பிரான்ஸோ பத்திரத்தில் பெயருள்ளவரின் வயதைப் பார்க்காமல், அவர் ஆயுள் முழுக்க ஏறக்குறைய 10% தரும் பத்திரங்களை விற்றது. ஜெனீவா வங்கியாளர்கள் பெரியம்மையில் பிழைத்த சிறுமிகளின் பெயரில் அவற்றை வாங்கிக் குவித்தார்கள். அந்தச் சிறுமிகள் நெடுங்காலம் வாழ்வார்கள், வட்டியும் வந்துகொண்டே இருக்கும். 1788-இல் பிரெஞ்சு அரசின் செலவில் பாதி கடனுக்கே போனது.

வடகரை:
நம் மண்ணிலேயே சான்று உண்டு. இந்தியாவில் பிரெஞ்சுத் தளபதியாக இருந்த லாலியின் படை சம்பளம் வராமல் 1759 அக்டோபரில் கலகம் செய்தது. மூன்றே மாதத்தில் வந்தவாசியில் தோல்வி, 1761 ஜனவரியில் புதுச்சேரியும் போயிற்று. கணக்கன் பக்கமே நியாயம்.

மீகாமன்:
அந்தச் சம்பளம் கடல் வழியாகத்தானே வரவேண்டும்? அந்தக் கலகத்துக்கு முந்தைய மாதம்தான் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி தாஷேயின் கப்பல்கள் இந்தக் கரையை விட்டே போயின. சென்னைக் கோட்டை முற்றுகையை 1759 பிப்ரவரியில் முறித்ததும் ஆங்கிலேயக் கப்பல்களின் வருகைதான். கஜானா நிறைந்திருந்தாலும் லாலிக்கு என்ன பயன்?

கணக்கன்:
கஜானா நிறைந்திருக்கவில்லையே. அதே 1759 அக்டோபரில் பிரெஞ்சு அரசு தன் பத்திரங்கள் பலவற்றுக்குப் பணம் கொடுப்பதையே நிறுத்திவைத்தது. கப்பல் கட்டும் தளங்களில் மரத்துக்கும் கயிற்றுக்கும் கூலிக்கும் யார் கடன் தருவார்கள்? தாஷே இருந்திருக்கலாம்; அவருக்குத் துணையாகப் புதுக் கப்பல்களை அனுப்பப் பணம் எங்கே?