280 லிட்டர் ரீஃப் தொட்டியை வேறு வீட்டுக்கு மாற்றுவது: மணலையும் பழைய தண்ணீரையும் என்ன செய்வது?

அலைவாய்:
வணக்கம் நண்பர்களே. வீடு மாறுகிறோம். நாலு வருடமாக ஓடும் ரீஃப் தொட்டி (பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி), 120 × 50 × 50 செ.மீ., 12 மி.மீ. கண்ணாடி. சம்ப்போடு (வடிகட்டும் துணைத் தொட்டி) சேர்த்துத் தண்ணீர் சுமார் 280 லிட்டர். லைவ் ராக் (பாக்டீரியாவும் சிறு உயிர்களும் குடியிருக்கும் பாறை) 30 கிலோ, மணல் 5 செ.மீ. உயரம். மீன்களில் க்ளௌன் ஜோடி, மஞ்சள் டேங், சிக்ஸ்லைன் ராஸ், மாண்டரின். பவளங்களில் டார்ச், ஹாமர், ஜோவாந்தஸ், கொஞ்சம் அக்ரோபோரா. ஒரு பாறையில் பபிள்டிப் அனிமோனி (கடல் சாமந்தி) ஒட்டியிருக்கிறது. பயணம் 4 மணி நேரம். அதே தொட்டியை அன்றே அங்கே ஓட்ட வேண்டும்.

பழைய தண்ணீர் முழுவதையும் கொண்டுபோனால் சைக்கிள் (கழிவின் அம்மோனியாவை பாக்டீரியா மாற்றும் நைட்ரஜன் சுழற்சி) கெடாது என்று சிலர் சொல்கிறார்கள். சரியா? மணலை உள்ளேயே விட்டு, அது மூழ்கும் அளவு தண்ணீரோடு தொட்டியைத் தூக்கலாமா? எதை முதலில் எடுப்பது?

பாறைமடி:
மணலோடு தூக்கவே கூடாது. 5 செ.மீ. மணல் ஈரத்தோடு 50 கிலோவைத் தாண்டும், கண்ணாடி மட்டுமே 70 கிலோ வரும். தூக்கும்போது அடிக்கண்ணாடி லேசாக முறுக்கினாலும் சிலிக்கான் ஒட்டு பிரியும். அது அன்றைக்கே தெரியாது, தண்ணீர் நிரப்பிய சில நாளில்தான் கசியும்.

பெரிய ஆபத்து வேறு. நாலு வருட மணலின் அடியில் கழிவு தேங்கியிருக்கும். ஆக்சிஜன் எட்டாத இடங்களில் ஹைட்ரஜன் சல்பைடு இருக்கலாம். வண்டியின் குலுக்கலில் இவை எல்லாம் தண்ணீரில் கலக்கும். இடம் மாற்றிய மூன்றாம் நாள் மீன் செத்தது என்று கேள்விப்பட்டால் நான் முதலில் மணலைத்தான் சந்தேகிப்பேன்.

பழைய தண்ணீர் பற்றி: நைட்ரஜன் சுழற்சியை நடத்தும் பாக்டீரியா தண்ணீரில் மிகக் குறைவு. அவை பாறையிலும் சம்ப்பில் உள்ள மீடியாவிலும் (வடிகட்டிப் பொருள்) ஒட்டி வாழ்கின்றன. பாறை நனைந்து, காற்றோட்டத்தோடு, 24–27 டிகிரியில் போய்ச் சேர்ந்தால் சைக்கிளும் போய்ச் சேர்ந்தது. உயிர்களும் பாறையும் பயணம் செய்ய 140 லிட்டர் பழைய தண்ணீர் போதும்.

மீதிக்குப் புதுத் தண்ணீர் 200 லிட்டர் முன்கூட்டியே கலந்து அந்த வீட்டில் வையுங்கள். ஆர்ஓ டிஐ (வடிகட்டி அயனி நீக்கிய) தண்ணீர், டிடிஎஸ் (கரைந்த பொருள்களின் அளவு) 0. உப்பு லிட்டருக்கு சுமார் 38 கிராம், அதாவது 7.6 கிலோ. பிராண்டுக்குப் பிராண்டு இது மாறும், அளந்து முடிவு செய்யுங்கள். பவர்ஹெட்டும் (நீரோட்டம் தரும் பம்ப்) ஹீட்டரும் போட்டு 24 மணி நேரம் ஓடவிட்டு, உப்பளவு 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு) இருக்கிறதா என்று பாருங்கள். உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரை 35 பிபிடி கரைசலில் சரிசெய்யுங்கள், வெறும் ஆர்ஓ தண்ணீரில் வேண்டாம். புதுத் தண்ணீரின் ஆல்கலினிட்டியையும் கட்டாயம் அளக்க வேண்டும். தொட்டியில் 8 டிகேஹெச் (ஆல்கலினிட்டியின் அலகு) இருக்க, உப்பு 11 கொடுத்தால் அக்ரோபோராவின் நுனி கருகும். இரண்டும் சேர்ந்து 340 லிட்டர் ஆகிறது, 60 லிட்டர் மிஞ்சும். அதை ஊற்றிவிடாதீர்கள். அவசரத் தண்ணீர் மாற்றத்துக்கு அதுதான் கைவசம் இருக்கும்.

உவர்நீர்:
பாறைமடி சொன்னதோடு ஒத்துப்போகிறேன். பிரிக்கும் வரிசை இது:

முந்தின நாளிலிருந்து மீனுக்குத் தீனி வேண்டாம். வயிறு காலியாக இருந்தால் பயணத் தண்ணீரில் அம்மோனியா குறைவாகச் சேரும். அன்று காலை எதையும் கலக்குவதற்கு முன், மேலிருந்து தெளிந்த தண்ணீரை உணவுத்தர டிரம்களில் உறிஞ்சுங்கள். பிறகு பவளங்கள். டார்ச், ஹாமர் இரண்டையும் தண்ணீருக்குள் மெதுவாக ஆட்டிச் சுருங்க வைத்த பிறகே எடுக்க வேண்டும். விரிந்த நிலையில் தூக்கினால் எலும்பின் கூர்விளிம்பில் சதை கிழியும். ஒன்றையொன்று தொடாமல் தனித்தனிப் பெட்டியில் வையுங்கள். ஜோவாந்தஸைத் தொடும்போது கையுறையும் கண்ணாடியும் அவசியம், அதில் பாலிடாக்சின் என்ற கடும் நஞ்சு இருக்கக்கூடும். பாறையைச் சுடுதண்ணீரில் கழுவும் எண்ணமே வேண்டாம், அந்த ஆவி ஆளையே மருத்துவமனையில் படுக்க வைக்கும்.

அடுத்து பாறை. ஒவ்வொன்றையும் தொட்டிக்கு மேலேயே சில நொடி பிடித்துச் சொட்டவிடுங்கள். சிக்ஸ்லைன் ராஸ் பொந்துக்குள் ஒளிந்திருந்தால் விழுந்துவிடும். ஸ்பாஞ்ச் இருக்கும் பாறையைக் காற்றில் வைக்காதீர்கள். அதன் துளைகளில் காற்று புகுந்தால் அது செத்து அழுகும்.

மீன் கடைசியில்தான். தண்ணீர் 15 செ.மீ.க்கு இறங்கி, பாறை ஏதும் இல்லாதபோது பிடிப்பது எளிது. முழுத் தொட்டியில் வலையோடு துரத்தினால் மீனும் களைக்கும், பவளமும் உடையும். மஞ்சள் டேங்கின் வாலடி முள் பையைக் கிழிக்கும், அதற்கு மூடி போட்ட வாளிதான் சரி. அடியில் மிஞ்சும் கலங்கல் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

அனிமோனியைப் பாறையிலிருந்து பிய்க்காதீர்கள், பாறையோடு தனி வாளியில் வையுங்கள். வழியில் அது செத்தால் அந்த வாளியோடு போகட்டும், மற்ற உயிர்களின் தண்ணீரில் கலக்கக் கூடாது. எல்லா வாளிக்கும் பேட்டரி ஏர் பம்ப். சம்ப் மீடியாவுக்கும் அதேதான். மூடிய டப்பாவில் 4 மணி நேரம் வைத்தால் ஆக்சிஜன் தீர்ந்து, நம்பியிருக்கும் பாக்டீரியாவே செத்துப்போகும்.

திரைமுத்து:
மணலில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து. முழுவதும் தூக்கியெறிந்தால் மாண்டரினுக்கு இரையான கோப்பிபாட்கள் (மிகச் சிறு ஓட்டுயிரிகள்) ஒரு பகுதி போய்விடும். மேல் 1 செ.மீ. மணலை மட்டும் கரண்டியால் எடுத்து, பழைய தண்ணீரில் அலசி, இரண்டு கப் அளவு தனியே கொண்டுபோங்கள். புது மணலை நன்றாகக் கழுவிப் போட்டு அதன்மேல் இதைத் தூவலாம். சம்ப்பில் கீட்டோ பாசி இருந்தால் ஒரு துளியும் அலசாமல் தனி வாளியில் போகட்டும், கோப்பிபாட்கள் பெரும்பாலும் அங்கேதான் குடியிருக்கும்.

அலைவாய்:
நன்றி. மணலை மாற்றிவிடுகிறேன். சிறிய மீன்களைப் பையில் கட்டினால், அங்கே போய் வழக்கம்போல் ஒரு மணி நேரம் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துப் பழக்க வேண்டுமா? முதல் வாரம் விளக்கு, ஸ்கிம்மர் (நுரையாகக் கழிவைப் பிரிக்கும் கருவி) எப்படி?

உவர்நீர்:
கட்டிய பை என்றால் சொட்டுமுறை வேண்டாம். மூடிய பையில் கரியமில வாயு சேர்ந்து பிஹெச் இறங்கும். 8.2-லிருந்து 7.2-க்கு இறங்கினால் நச்சான அம்மோனியாவின் பங்கு முன்பிருந்ததில் ஏறக்குறைய பத்தில் ஒன்றாகக் குறைந்துவிடும். மீதி அம்மோனியம், அது அவ்வளவு கெடுதல் செய்யாது. பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பிஹெச் ஏறும், அடக்கமாக இருந்த அம்மோனியா அப்போதுதான் மீனைத் தாக்கும். அதனால் பையைத் திறக்காமல் 20 நிமிடம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்துங்கள். உப்பளவு முன்பே ஒன்றாக இருப்பதால் திறந்த உடனே மீனை மட்டும் தொட்டிக்கு மாற்றலாம். பைத் தண்ணீர் தொட்டியில் விழக்கூடாது. ஏர் பம்ப் ஓடிய திறந்த வாளிகளில் இந்தச் சிக்கல் இல்லை.

பாறைமடி:
அங்கே போனதும் முதல் வேலை ரசமட்டம். ஸ்டாண்டை நாலு பக்கமும் மட்டம் பார்க்காமல் தண்ணீர் ஊற்றாதீர்கள், நிரம்பிய பிறகு 400 கிலோவை நகர்த்த முடியாது. பாறையை அடிக்கண்ணாடியில் உட்காரவைத்துவிட்டு மணலைச் சுற்றிலும் போடுங்கள். ரிட்டர்ன் பம்பை (சம்ப்பிலிருந்து தண்ணீரைத் தொட்டிக்கு ஏற்றுவது) ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். குழாய் வழியாக இறங்கும் தண்ணீர் சம்ப்பில் அடங்குகிறதா என்பது அப்போதே தெரியவேண்டும்.

விளக்கைப் பாதி அளவில் தொடங்கி இரண்டு வாரத்தில் பழைய நிலைக்கு ஏற்றுங்கள். கலங்கல் தெளிந்த தண்ணீரில் ஒளி ஆழமாக இறங்கும், பவளங்களும் சோர்ந்திருக்கும். அனிமோனி புது இடம் தேடி நகரும், அதுவரை பவர்ஹெட்டுகளுக்கு உறை போட்டு வையுங்கள். ஸ்கிம்மர் முதல் சில நாள் பொங்கும். கோப்பையை உயர்த்தி வைத்து ஓட்டுங்கள், நிறுத்த வேண்டாம். ஆக்சிஜனுக்கு அது முக்கியம்.

அம்மோனியாவை ஏழு நாளும் தினம் அளக்க வேண்டும். 0.25 பிபிஎம் தெரிந்தால் அந்த 60 லிட்டரைப் பயன்படுத்தி மாற்றுங்கள், தீனியைப் பாதியாக்குங்கள். ஆக்டிவேட்டட் கார்பனை முதல் நாளே போட்டு, ஒரு வாரத்தில் புதிதாக மாற்றிவிடுங்கள். பிரிக்கும்போது பவளங்கள் உமிழ்ந்த நச்சுப் பொருள்களை அது ஓரளவு பிடித்து வைக்கும்.