ஸ்விஃப்ட் மேனுவல்: சான்றிதழில் 23.2, கையில் 14.5

மேடவாக்கத்தான்:

வண்டி 2021 ஸ்விஃப்ட், பெட்ரோல், ஐந்து கியர் மேனுவல். வாகனங்களைச் சோதித்துச் சான்றளிக்கும் ஏஆர்ஏஐ அமைப்பின் கணக்கு லிட்டருக்கு 23.2 கி.மீ. பள்ளிக்கரணை, வேளச்சேரி வழியாகக் கிண்டிக்கு அலுவலகம் போய்வருவதில் எனக்குக் கிடைப்பது 14.5. திண்டிவனம் பக்கம் ஊருக்குப் போனால் 20ஐத் தொடுகிறது. எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைச் சுத்தம் செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறது நான் வண்டியை விடும் பட்டறை. 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல்தான் காரணம் என்கிறார் நண்பர். ஆக்சிலரேட்டரை மிதிக்கும் என் கால் சரியில்லை என்கிறார் மாமனார். யார் சொல்வதைக் கேட்பது?

குமரன், நாமக்கல்:

14.5 என்பது மீட்டர் திரை சொன்னதா, நீங்கள் கணக்குப் போட்டதா? திரை பெரும்பாலும் கொஞ்சம் கூட்டியே காட்டும். ஃபுல் டேங்க் அடித்து, ஓட்டி, மறுபடி ஃபுல் டேங்க் அடித்துப் பாருங்கள். அதே பங்க், முடிந்தால் அதே குழாய், முதல் முறை தானாக நின்றதும் நிறுத்திவிட வேண்டும். பத்து லிட்டருக்குக் கணக்குப் பார்ப்பதில் பொருளில்லை. 150 கி.மீ. ஓடிவிட்டு நிரப்பும்போது இரண்டு லிட்டர் முன்பின் ஆனால் 12.5 என்றும் வரும், 18.75 என்றும் வரும். உங்கள் டேங்க் 37 லிட்டர், முக்கால்வாசியாவது காலியாகட்டும். இன்னொன்று, அதே திரையில் சராசரி வேகமும் வரும். அலுவலகப் பயணத்துக்கு அது எவ்வளவு?

மேடவாக்கத்தான்:

14.5 டேங்கிலிருந்து டேங்க் பார்த்த கணக்குதான், திரை 15.6 காட்டியது. சராசரி வேகம் 17.

ஓய்வுபெற்ற ஓட்டுநர், சேலம்:

தம்பி, 17 என்று சொன்னபோதே பாதி விடை வந்துவிட்டது.

நான் அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். பணிமனையில் ஓட்டுநர் வாரியாகக் கே.எம்.பி.எல்., அதாவது லிட்டருக்கு எத்தனை கி.மீ. என்று கணக்கெடுப்பார்கள். ஒரே வண்டி, ஒரே தடம், ஆள் மாறினால் எண் மாறும். ஆகவே உங்கள் மாமனார் பேச்சை நான் தள்ளமாட்டேன். ஆனால் டவுன் பஸ் ஓட்டுகிறவனையும் புறவழிச்சாலையில் போகிறவனையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பவர் எங்கள் பணிமனையிலும் கிடையாது.

அந்த 23.2 ஆய்வுக்கூடத்தில், உருளைகள்மேல் வண்டியை நிறுத்தி ஓட்டி எடுத்தது. ஏறத்தாழ 20 நிமிடம், பத்தரைக் கி.மீ. சொச்சம், அதிக வேகம் 90, சராசரி 32 கி.மீ. அளவில். ஏசி கிடையாது. எதிரே மாடும் வராது, ஆட்டோவும் வராது. உங்கள் சராசரி அதில் பாதி. அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் ஓட்டிய சாலை வேறு.

கணக்கைப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் 17 கி.மீ. என்றால் சுமார் 1.17 லிட்டர் செலவு. அந்த ஒரு மணியில் 20 நிமிடம் சிக்னலிலும் நெரிசலிலும் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 1.2 லிட்டர் எஞ்சின் ஏசியோடு சும்மா நின்றாலே மணிக்கு முக்கால் லிட்டருக்குக் குறையாது. கால் லிட்டர் நின்ற இடத்திலேயே போய்விட்டது. அதைக் கழித்தால் ஓடிய நேரத்துக்கு லிட்டருக்கு 18க்கு மேல் வருகிறது. வண்டியில் குறை என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

இனி காலுக்கு வருகிறேன். மேனுவல் வண்டியில் நம் கையில் இருப்பது மேல் கியரை எப்போது போடுகிறோம் என்பதுதான். சமதளத்தில், ஏற்றம் இல்லாதபோது, எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்றை ஒட்டி வரும்போது அடுத்த கியர் போட்டுவிடலாம். இரண்டாம் கியரில் 40 வரை இழுத்துக்கொண்டு போவது, முன்னால் பிரேக் விளக்கு எரிந்ததும் அழுத்தி நிறுத்துவது, இதில்தான் காசு கரைகிறது. அதற்காக நாலாம் கியரில் 25ல் உருட்டவும் கூடாது. கியர் கம்பியின் குமிழ் உள்ளங்கையில் நடுங்கும், எஞ்சின் முனகும். அப்போது ஆக்சிலரேட்டரை மிதித்தால் சிக்கனமும் இல்லை, எஞ்சினுக்கும் நல்லதில்லை. நடுக்கம் வந்தால் ஒரு கியர் கீழே.

நெரிசலில் அரைக் கிளட்சில் தொங்காதீர்கள். முன்வண்டி நான்கடி நகர்ந்ததும் நாமும் நகர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இடைவெளி விழட்டும், முதல் கியரைப் போட்டுக் கிளட்சை முழுதாக விடுங்கள். ஆக்சிலரேட்டரைத் தொடாமலே வண்டி தானாக ஊர்ந்து போகும். பின்னால் ஹாரன் அடிப்பான். அடிக்கட்டும், அவன் கிளட்ச் பிளேட்டுக்கு நாம் பொறுப்பில்லை.

மேடவாக்கத்தான்:

நன்றி ஐயா. மேம்பாலத்தில் இறங்கும்போது நான் நியூட்ரலில் விடுகிறேன். அதில் மிச்சம் உண்டா?

ஓய்வுபெற்ற ஓட்டுநர், சேலம்:

விடாதீர்கள். கார்புரேட்டர் காலத்துப் பழக்கம் அது. இன்ஜெக்டர் வண்டியில், கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் கணினி பெட்ரோலையே நிறுத்திவிடும். சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றும். நியூட்ரலில் போட்டால் எஞ்சின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் குடித்தாக வேண்டும். ஏற்காட்டில் 20 கொண்டை ஊசி வளைவுகள். மேலேறும்போது செலவானதில் கொஞ்சத்தை இறங்கும்போது மீட்க வேண்டுமா? இரண்டாம், மூன்றாம் கியரிலேயே இறங்குங்கள். நியூட்ரலில் இறங்குகிறவன் முழுப் பாரத்தையும் பிரேக்கிடம் கொடுக்கிறான். பிரேக் சூடேறிப் பிடிப்பு விட்டபின் மைலேஜ் பேச ஆள் இருக்காது.

பொறியாளன், ஓசூர்:

ஐயா சொன்னதோடு உடன்படுகிறேன். இ20 பற்றி மட்டும். எத்தனாலில் லிட்டருக்கான ஆற்றல் பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். அதனால் இ10லிருந்து இ20க்கு மாறும்போது லிட்டரின் ஆற்றல் மூன்றரை சதவீதம் அளவில் குறையும். எத்தனால் கலக்காத பெட்ரோலோடு ஒப்பிட்டால் இழப்பு 6 முதல் 7 சதவீதம். நிதி ஆயோக் 2021 அறிக்கையிலும் பழைய வகைக் கார்களுக்கு ஏறத்தாழ இதே அளவுதான். 15 தந்த வண்டி 14.5 தரும், அவ்வளவே. உங்கள் நண்பர் சொல்வது உண்மை, ஆனால் 23ஐ 14 ஆக்கும் அளவு உண்மை இல்லை.

திண்டிவனம் சாலையில் 20 வருகிறது என்றால் எந்த வேகத்தில் போகிறீர்கள்? 80லிருந்து 100க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேலாகிறது. 85ல் ஐந்தாம் கியரில் நிலையாகப் போய்ப் பாருங்கள்.

2024 ஸ்விஃப்ட் மேனுவலுக்கு 24.80 என்றும் ஏஎம்டிக்கு 25.75 என்றும் கொடுத்திருக்கிறார்கள். எஞ்சின் ஒன்றே, ஏஎம்டியும் மேனுவல் கியர்பெட்டிதான், கிளட்சையும் கியரையும் இயந்திரம் இயக்குகிறது. கியர் மாற்றும் நேரத்துக்கு எவ்வளவு மதிப்பு என்று இதிலேயே ஊகிக்கலாம்.

மேடவாக்கத்தான்:

95, 100ல் போகிறேன். அப்படியானால் இன்ஜெக்டர் சுத்தம் வேண்டாமா?

ஓய்வுபெற்ற ஓட்டுநர், சேலம்:

எஞ்சின் விளக்கு எரிகிறதா? காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கிறதா? நிற்கும்போது உதறுகிறதா? எதுவும் இல்லையென்றால் வேண்டாம். காற்று வடிகட்டியை மாற்றி எத்தனை நாள் ஆயிற்று என்று கேளுங்கள். ஓட்டுநர் கதவருகே ஒட்டியிருக்கும் தாளில் டயர் காற்றழுத்தம் எழுதியிருக்கும். காலையில், வண்டி ஓடிச் சூடேறுவதற்கு முன் பிடியுங்கள். பங்கில் பையன் பார்க்காமலே 35 வைப்பான், பக்கத்தில் நின்று பாருங்கள். டிக்கியில் என்ன வைத்திருக்கிறீர்கள் என்பதையும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.